செட்டியார் பொம்மைக்குச் செய்த மரியாதை

நன்றி கெட்ட உலகம். அமெரிக்கா வாசலை அடைத்துவிட்டது, ஐரோப்பா ஜாமீன் கேட்கிறது, தபாலாபீஸ் கையை விரிக்கிறது என்று ஆன்லைனில் சில்லறையாக வியாபாரம் செய்கிறவர்கள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இந்த விதிகளை எழுதியவர்களுக்கு யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஒரு மாலை போட்டதுண்டா? அரசாங்க ஆபீசில் படிவங்களுக்கு நடுவே தலை நரைத்தவன் நான். நல்ல விதி தெருக்கோடியில் வரும்போதே எனக்கு அடையாளம் தெரியும். அந்தத் தகுதியில் இந்தப் பாராட்டுப் பத்திரத்தை வாசிக்கிறேன். பொன்னாடை இல்லை, மன்னிக்கவேண்டும். அதற்கும் ஜிஎஸ்டி உண்டு.

முதலில் பழைய அராஜகத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டு 29க்கு முன்பு, இங்கிருந்து 800 டாலர் வரைக்கும் மதிப்புள்ள பொட்டலம் எதுவானாலும் ஒரு பைசா சுங்கம் கட்டாமல் அமெரிக்காவுக்குள் போகலாம். பத்தமடைப் பாய் போனது, தஞ்சாவூர்த் தலையாட்டி போனது, யாரோ ஒருத்தி மாடி அறையில் கோத்த டெரகோட்டா ஜிமிக்கி போனது. யாரும் நிறுத்தவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்தக் கூத்துக்கு விதை போட்டவர்கள் 1938இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒரு டாலர் சாமானைப் பிரித்துப் பார்த்து, எழுதி, வரி வசூலிக்கிற செலவு அந்த வரியைவிட அதிகம், அதனால் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அரசாங்கம் நடத்துகிறவர்கள் போடுகிற கணக்கா இது? மளிகைக் கடைக்காரர் போடுகிற கணக்கு. அந்த ஒரு டாலர் மெல்ல 200 வரை ஏறி, 2016இல் ஒரே தாவாக 800 ஆனது.

இப்போதைய பெரியவர்களுக்கு அந்தக் கஞ்சத்தனம் கிடையாது. வரி பத்து டாலர், அதை வசூலிக்கிற செலவு இருபது டாலர் என்றாலும் அசரமாட்டார்கள். அந்த இருபதையும் விற்கிறவளிடமோ வாங்குகிறவரிடமோ சேர்த்து வாங்கிக்கொள்கிற ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்களே, அந்தத் தாராளத்தை என்ன சொல்வது!

இந்தச் சலுகையை நீக்கிய சீர்திருத்தத்துக்குக் காரணம் கேட்டபோது இரண்டு சொன்னார்கள். ஷீன், டெமு போன்ற சீனத்து ஆப்கள் இந்தச் சலுகையில் புகுந்து மலை மலையாய்ச் சரக்கை இறக்குகின்றன என்பது ஒன்று. ஃபென்டனில் என்ற போதைமருந்து சின்னப் பொட்டலங்களில் ஒளிந்து வருகிறது என்பது மற்றொன்று. 2024 நிதியாண்டில் மட்டும் 136 கோடிப் பொட்டலங்கள் இந்த வழியாக நுழைந்தன. எனவே கவலை நியாயமானது, அதை நான் கேலி செய்யமாட்டேன். நான் வியப்பது தீர்வை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினான் என்று ஒருவனை நம் ஊரில் காலம் காலமாகச் சிரிக்கிறோம். அவன் வீட்டு எலியாவது உள்ளே இருந்தது. இங்கே பெரிய எலிகள் அமெரிக்காவிலேயே கோடவுன் பிடித்துச் சரக்கை அடுக்கிக்கொண்டு, உள்ளூர்க்காரர்களாகவே விற்க ஆரம்பித்துவிட்டன. வீட்டில் மிச்சமிருந்தது நாலு பொம்மையும் ஒரு ஜிமிக்கிச் சரமும்தான். அவை எரிந்தன. நோக்கம் நிறைவேறியதா என்று கேட்பது அநாகரிகம். நெருப்பு நன்றாகப் பிடித்ததா இல்லையா, அதைப் பார்க்கவேண்டும்.

சமத்துவம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இங்கே வந்து பாடம் படிக்கலாம். கப்பல் கப்பலாக அனுப்புகிறவனுக்கும், மாதத்துக்கு எட்டுப் பொட்டலம் அனுப்புகிறவளுக்கும் ஒரே சட்டம், ஒரே படிவம், ஒரே அபராதம். முன்னவனிடம் பதினைந்து வக்கீல் இருப்பதும் பின்னவளிடம் ஒரு செலோடேப் இருப்பதும் அவரவர் சொந்த விஷயம், அதில் சட்டம் தலையிடுமா?

அடுத்து வேகம். நம் ஊரில் ஒரு விதியை மாற்ற ஒரு கமிட்டி, கமிட்டியைக் கலைக்க ஒரு கமிட்டி என்று தலைமுறையே போய்விடும். அங்கே பாருங்கள். 2025 பிப்ரவரி 4 அன்று சீனப் பொட்டலங்களுக்குச் சலுகை ரத்தானது. அமெரிக்கத் தபால் துறை சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் பார்சல் வாங்குவதை நிறுத்தியது. மறுநாளே திரும்ப வாங்கியது. 7ஆம் தேதி, வசூலிக்க ஏற்பாடு தயாராகும்வரை பழைய சலுகையே தொடரும் என்றார்கள். ஏப்ரல் 2 அன்று, மே 2 முதல் தபால் பொட்டலங்களுக்கு 30 சதவீதம் என்றார்கள். ஏப்ரல் 8 அன்று அது 90 ஆனது, மறுநாளே 120 ஆனது, மே நடுவில் 54 ஆனது. சுவரில் மாட்டிய காலண்டரைக்கூட நாம் இத்தனை சுறுசுறுப்பாகக் கிழிப்பதில்லை.

இந்தியாவையும் அவர்கள் ஒதுக்கிவைக்கவில்லை. ஏப்ரலில் அறிவித்த கூடுதல் வரியை ஒரு வாரத்தில் நிறுத்திவைத்து 10 சதவீதத்தோடு விட்டார்கள். ஆகஸ்டு 7 முதல் 25. ரஷ்ய எண்ணெய் வாங்கிய குற்றத்துக்காக ஆகஸ்டு 27 முதல் இன்னொரு 25. ஆக, ஐம்பது. இரண்டு நாள் கழித்து 29ஆம் தேதி 800 டாலர் சலுகையும் உலகத்துக்கே போய்விட்டது. ஜூலையில் விலை சொல்லி ஆர்டர் எடுத்தவர்களுக்கு ஆகஸ்டு முழுக்கப் புத்தி கூர்மையடைந்துகொண்டே இருந்தது. காலையில் எழுந்ததும் ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாஷிங்டன் செய்தி பார்க்கப் பழகினார்கள். இரண்டிலும் ‘அலைச்சல், வீண் செலவு’ என்றே வந்தது என்பது வேறு.

எங்கள் ஃப்ளாட்டில் கீழ்வீட்டுப் பெண்ணும் அப்படிப் புத்தி கூர்மையடைந்தவர்களில் ஒருத்தி. மதுரைப் பக்கம் விளாச்சேரியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் கொலு பொம்மை வாங்கி, உடையாமல் கட்டி, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் வீடுகளுக்கு அனுப்புகிறாள். நியூ ஜெர்சியிலும் டெக்ஸஸிலும் ஐந்து படி, ஏழு படி கட்டுகிற மாமிகளெல்லாம் அவளுக்கு வாடிக்கை. பேக்கிங் அவள் செய்வதைப் பார்க்கவேண்டும். பொம்மையின் கழுத்துக்கும் கைக்கும் முதலில் பஞ்சு, அதற்குமேல் செய்தித்தாள், அதற்குமேல் குமிழி பிளாஸ்டிக், பிறகு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் அசையாமல் இருக்கிறதா என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள், பிறகு அந்தப் பெட்டியை வாங்கிக்கொள்ள இன்னொரு பெட்டி. மண் பொம்மை கனம், தபால் செலவு பொம்மை விலையைத் தாண்டிவிடும் என்பதால் காகிதக்கூழ் பொம்மைகளையே அதிகம் விற்பாள். இருந்தாலும் செட்டியார் மட்டும் மண்ணில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. செட்டியார் தெரியுமல்லவா? தொந்தியும் விபூதியுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஆச்சி, முன்னால் தராசு, குட்டிக் குட்டி மூட்டைகளில் பருப்பு, அரிசி, மிளகாய். கொலுப்படியின் ஒரே வியாபாரி. மற்ற எல்லாரும் தெய்வங்கள், அதனால் வருமானம் பற்றிக் கவலையில்லை.

படிவம் என்றால் அவள் மாடிக்கு வந்துவிடுவாள். “அங்கிள், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.” எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. முன்பெல்லாம் ‘பொம்மை, 20 டாலர்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். இன்றைக்குச் செட்டியாருக்கு ஆறு இலக்க எண் வேண்டும். 1988 முதல் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற பட்டியல் ஒன்று இருக்கிறது. உலகத்தில் உள்ள சகல பொருளும் அதில் ஐயாயிரத்துச் சொச்சம் தலைப்புகளுக்குள் அடங்கிவிடும். செட்டியார் அடங்கவில்லை. மண் சிலை என்றால் 6913இல் தொடங்கும். விளையாட்டுப் பொம்மை என்றால் 9503. பண்டிகைப் பொருள் என்றால் 9505. காகிதக்கூழ் என்றால் 4823. விளையாட்டுப் பொம்மை என்று எழுதினால் இன்னொரு பாக்கியம் காத்திருக்கிறது: பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் சாமான் என்று எடுத்துக்கொண்டு, பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதனைக்கூடச் சான்றிதழ் கேட்பார்கள். இத்தனை வருஷம் மிளகாயும் புளியும் விற்றுக்கொண்டிருந்த மனிதருக்கு ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்று இதுவரை யாருக்காவது தோன்றியதா? இதுதான் அக்கறை.

அவளோடு தபாலாபீசுக்கு நானும் போனேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷர், விவரமானவர். பெட்டியின் மேல் ஒட்டிய படத்தைப் பார்த்தார்.

“இது என்னம்மா, பொம்மையா, சாமியா?”

“செட்டியார் சார்.”

“அது தெரியுது. சாமின்னா ஒரு கோடு, பொம்மைன்னா ஒரு கோடு. நீங்க எதைச் சொல்றீங்க?”

“கொலுவுல வைப்பாங்க சார். கும்புடவும் மாட்டாங்க, வெளையாடவும் மாட்டாங்க.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். சுங்கப் பட்டியலில் இந்த நிலைக்கு இடமில்லை. பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “அந்தக் குட்டி மூட்டைல இருக்கறது நெஜப் பருப்பா?” என்றார். நிஜப் பருப்பாக இருந்திருந்தால் அது உணவுப்பொருள், அதற்கு வேறு இலாகா, வேறு முன்னறிவிப்பு. நல்லவேளையாக அது களிமண் பருப்பு. தன் கடைச் சரக்கு கலப்படம் என்பது நிரூபணமானதால் செட்டியார் தப்பித்தார்.

நம் பக்கத்து அலங்காரத்தையும் சொல்லவேண்டும். ஏற்றுமதி செய்ய ஐஇசி எண், வங்கியிடம் ஏடி கோடு, ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப ஒரு உறுதிப் பத்திரம், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தபால் ஏற்றுமதிப் பட்டியல், வந்த பணம் இந்தப் பொம்மைக்கு வந்த பணம்தான் என்று வங்கிக்கு நிரூபிக்கும் சான்று. இருபது டாலர் வந்ததா, வந்தது எதற்கு, மீதி எங்கே என்று வங்கி கேட்கும் தொனியைக் கேட்டால், ஆயிரக்கணக்கான கோடியைக் கட்டாமல் விமானம் ஏறியவர்களையும் இப்படித்தான் விசாரித்திருப்பார்கள் என்ற நம்பிக்கை வருகிறது. இந்தச் சிறு வியாபாரிகளுக்கு உதவவென்றே அஞ்சல் துறை நாடு முழுக்க 1,000க்கும் மேற்பட்ட ஏற்றுமதி மையங்களைத் திறந்துவைத்தது. நிஜமாகவே நல்ல காரியம், இதில் எனக்குச் சூது இல்லை. இந்தப் பக்கம் ஆயிரம் வாசல் திறந்தபோது அந்தப் பக்கத்து ஒரே வாசல் சாத்திக்கொண்டது யாருடைய ஜாதகக் கோளாறோ.

சாத்திய நேரத்தைத்தான் நான் விழுந்து கும்பிடுகிறேன். 2025இல் நவராத்திரி செப்டம்பர் 22. கடல் கடந்து போகும் கொலு பொம்மைக்கு ஆகஸ்டு கடைசியே உயிர்நாடி. அஞ்சல் துறை ஆகஸ்டு 25 முதல் அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குவதை நிறுத்தியது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது, அதற்குத் தகுதியுள்ளவர் யார் என்று வாஷிங்டன் தெளிவாகச் சொல்லவில்லை. பொட்டலங்களைச் சுமக்க விமான நிறுவனங்கள் மறுத்துவிட்டன. வரி எப்போது தொடங்கும் என்பது முதலில், எப்படி வாங்குவது என்பது பிறகு என்ற இந்த வரிசையை நிர்வாகவியல் பாடத்தில் சேர்க்கவேண்டும். நம் நாட்டுக்கு மட்டும் இந்த மரியாதை கிடைத்ததாகப் பெருமைப்பட வேண்டாம். ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா என்று 88 அஞ்சல் நிறுவனங்கள் முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஒரு வாரத்துக்குள் அமெரிக்காவுக்குப் போகும் தபால் 81 சதவீதம் சரிந்தது என்று உலக அஞ்சல் சங்கம் கணக்குச் சொன்னது. 1874இல் பெர்னில் பிறந்த சங்கம் அது. இரண்டு உலக யுத்தத்தைப் பார்த்தது. அதற்கும் புது அனுபவம் வேண்டாமா?

தபாலுக்கு விதித்த வரியிலும் ஒரு ரசனை இருந்தது. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டலாம். அல்லது, கணக்குப் போடச் சோம்பல் என்றால், பொருளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டலாம். ஆறு மாதத்துக்கு அந்த வசதி இருந்தது. குறைந்த வரி நாடுகளுக்குப் பொருளுக்கு 80 டாலர், நடுத்தரத்துக்கு 160, அப்போது இந்தியாவைப் போல 25 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு 200. இருபது டாலர் செட்டியாருக்கு இருநூறு டாலர்! பெருமாளுக்கும் சார்த்த மாட்டார்கள் இத்தனை. நம் அஞ்சல் துறை அந்த வாய்ப்பைத் தவறவிட்டுப் பிறகு சதவீதக் கணக்கைப் பிடித்துக்கொண்டது.

ஆகஸ்டு 25 முதல் கொஞ்ச நாள் கடிதமும் 100 டாலருக்குட்பட்ட அன்பளிப்பும் மட்டும் போகலாம் என்று ஒரு ஜன்னல் திறந்திருந்தது. விதிகள் மனித உறவை வளர்க்கும் என்பதை அந்த வாரத்தில்தான் கண்டேன். டல்லாஸிலிருந்து ஒரு மாமி வாட்ஸ்அப்பில், “நான் உனக்கு அத்தை மாதிரிதானேம்மா, கிஃப்டுன்னு போட்டு அனுப்பேன்” என்றார். கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் சித்தப்பா ஆனார். போன நவராத்திரியில் கால் இன்ச் கீறலுக்கு ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுத்து இரண்டு பத்தித் திட்டியிருந்த அம்மையார், திடீரென்று பெரியம்மா. ஒரே வாரத்தில் இத்தனை சொந்தம் அவளுக்கு அவள் கல்யாணத்தில்கூடச் சேரவில்லை. அவளோ வளர்ந்த விதம் சரியில்லாத பெண்; விற்ற சாமானை அன்பளிப்பு என்று எழுதக் கை வரவில்லை என்றாள். சொந்தங்கள் எல்லாம் மறுபடி கஸ்டமர் ஆகிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மாதக் கடைசியில் அந்த ஜன்னலும் சாத்திக்கொண்டது. கடிதம்கூடப் போகவில்லை.

ஒரே ஒரு செட்டியார் மட்டும் செப்டம்பரில் தனியார் கூரியரில் கிளம்பினார். அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அவர்களும் நம்மைப் போல விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். பொம்மை நாலாம் நாளே அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் குறையே சொல்ல முடியாது. போய்ச் சேர்ந்தபின் எதனால் செய்யப்பட்டது என்று கேட்டார்கள். மண் என்று பதில் எழுதினாள். தராசு எதனால் செய்யப்பட்டது என்று கேட்டார்கள். ஒரு விரல் நீளத் தகரம். தகரமா, அது எஃகா, அலுமினியமா, எத்தனை சதவீதம், எந்த நாட்டில் உருக்கியது என்று கேட்டார்கள். உலோகங்களுக்கென்று தனி வரி இருக்கிறதல்லவா? விளாச்சேரிக் கைவினைஞருக்குப் போன் போட்டு, “அண்ணே, தராசுத் தட்டுத் தகரம் எந்த ஊர்ல உருக்கினது?” என்று இவள் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவர் சொன்ன பதில் படிவத்தில் எழுதத் தகாதது. பிஸ்கட் டப்பா என்பது மட்டும் புரிந்தது. பொட்டலம் இரண்டு வாரம் ஒரு கிடங்கில் இருந்தது. பிறகு அப்புறப்படுத்தப்பட்டதாக ஒரு குறிப்பு வந்தது, கூடவே கையாண்டதற்கான பில். அந்த இலையுதிர் காலத்தில் பெரிய கூரியர் கிடங்குகளில் இப்படித் தேங்கி, அழிக்கப்பட்டதாகக் குறிப்பு வந்த பொட்டலங்கள் ஏராளம் என்று அமெரிக்கச் செய்திகளிலேயே வந்தது. ஆக, நம் செட்டியார் தனியாகப் போகவில்லை.

அமெரிக்காவையே புகழ்ந்துகொண்டிருந்தால் ஐரோப்பா கோபித்துக்கொள்ளும். 2021 ஜனவரி 1 முதல், சொந்த வலைத்தளத்தில் விற்று பிரிட்டனுக்கு 135 பவுண்டுக்குட்பட்ட சாமான் அனுப்பினால், அந்த நாட்டு வாட் வரிக்குப் பதிவுசெய்துகொண்டு விற்கும்போதே வசூலித்துக் கட்டவேண்டும், முதல் விற்பனையிலிருந்தே. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்கு இருந்த வாட் விலக்கை எடுத்தது. 2024 டிசம்பர் 13 முதல் பொருள் பாதுகாப்பு விதி: ஒன்றியத்துக்குள் விற்கும் பொருளுக்கு ஒன்றியத்துக்குள்ளேயே பெயரும் விலாசமும் உள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். அதாவது பாரிஸில் ஒரு தமிழ் வீட்டுக் கொலுவில் உட்கார, செட்டியாருக்கு அங்கே ஒரு கார்டியன். அந்தக் கார்டியன் வேலையைச் செய்துகொடுக்க ஆண்டுக் கட்டணத்தில் கம்பெனிகள் முளைத்திருக்கின்றன, வேலைவாய்ப்பு. அதற்குப் பணம் இல்லாத பிரிட்டிஷ், அமெரிக்கக் கைவினைக்காரர்கள்கூட ஐரோப்பாவுக்கு அனுப்புவதில்லை என்று கடையில் எழுதிப்போட்டார்கள். போதாததற்கு 2026 ஜூலை 1 முதல் 150 யூரோவுக்குட்பட்ட பொட்டலங்களிலும் பொருளுக்கு 3 யூரோ சுங்கம் என்று 2025 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். சிறுகச் சிறுகச் சேர்ப்பது நல்ல குடும்பத்துக்கு அழகு.

நம் நாட்டைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்பு என்ற பெயரில் வரி கட்டாமல் சாமான் வருவதை 2019 டிசம்பரிலேயே தடை செய்தவர்கள் நாம். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. ராக்கிக்குத்தான், ராக்கியோடு வரும் பரிசுக்கு அல்ல. இந்த நுணுக்கத்தை எழுதியவர் யாரோ, அவர் தங்கை இல்லாதவராக இருக்கவேண்டும்.

இடையில் ஆலோசகர்கள் வந்தார்கள். வெபினார் நடத்தினார்கள். ‘மாற்றம் என்பது வாய்ப்பு’ என்று முதல் ஸ்லைடு, கட்டண விவரம் கடைசி ஸ்லைடு. ஒருவர் வேறு சந்தைகளைத் தேடச் சொன்னார். கீழ்வீட்டுப் பெண் எழுந்து, கொலு வைக்கிற வேறு நாடு ஒன்று சொல்லுங்கள் சார் என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அவள் கடை வைத்திருக்கும் தளத்திலிருந்தும் ஒரு மின்னஞ்சல் வந்தது: இந்தப் பயணத்தில் உங்களோடு நாங்கள் இருக்கிறோம். விற்பனைக் கமிஷனில் கால் சதவீதம்கூடக் குறைக்காமல் இவ்வளவு நெருக்கமாகக் கூட வருகிறவர்கள் உறவிலும் அரிது.

அக்டோபர் 15 அன்று அஞ்சல் துறை மறுபடி அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்கத் தொடங்கியது. விஜயதசமி முடிந்து பதிமூன்று நாள் ஆகியிருந்தது. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. அப்போது அறிவித்த மதிப்பில் 50 சதவீதத்தைக் கவுண்டரிலேயே கட்டிவிடவேண்டியிருந்தது. அது தகுதிபெற்ற ஒருவர் வழியாக அமெரிக்கச் சுங்கத்துக்குப் போய்ச்சேரும். வாங்குகிறவர் வாசலில் பில் நீட்டமாட்டார்கள். தபால் கட்டணத்தை ஏற்றவில்லை. கூரியரில் போனால் விழும் மற்ற வரிகளும் இதில் இல்லை. இருப்பதற்குள் இதுதான் ஒழுங்கான வழி, சொல்லியாகவேண்டும். காத்திருந்த மூன்று பேர் இன்னும் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இருந்தார்கள். அவர்களுக்கு வரியைத் தன் லாபத்திலிருந்து கட்டி அனுப்பிவைத்தாள். லாபம் போதவில்லை, அதனால் கொஞ்சம் நகைச்சீட்டிலிருந்தும் கட்டினாள். நவம்பரில் பொம்மை போய்ச் சேர்ந்தது. அடுத்த நவராத்திரிக்குப் பத்து மாதத்துக்கும் மேல் முன்னதாகவே டெலிவரி. இந்தச் சாதனையை எந்த எக்ஸ்பிரஸ் சேவையும் செய்ததில்லை.

இதெல்லாம் ஒரு தலைவரின் கோபம், ஆள் மாறினால் விதியும் மாறும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. அமெரிக்காவில் 2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய சட்டத்திலேயே, 2027 ஜூலை 1 முதல் அந்த 800 டாலர் சலுகையை அடியோடு நீக்க வழி செய்துவிட்டார்கள். உத்தரவு போனாலும் சட்டம் நிற்கும். எதிர்காலத்துக்குச் சேமித்துவைப்பது என்றால் இது.

போன வாரம் கீழ்வீட்டுப் பெண் மறுபடி மாடிக்கு வந்தாள், கையில் ஒரு மின்னஞ்சல் நகல். நியூ ஜெர்சியின் எடிசனில் பெரிய மளிகைக்கடை வைத்திருக்கிற மொத்த வியாபாரி ஒருவர் எழுதியிருந்தார். தனித்தனியாக அனுப்பி ஏன் சிரமப்படுகிறாய், இருநூறு செட் நான் எடுத்துக்கொள்கிறேன், பாத்திரமும் அப்பளமும் வரும் கண்டெய்னரில் மூலையில் ஏற்றிவிடலாம், சுங்கத்துக்கு என்னிடம் புரோக்கர் இருக்கிறார், தராசு எந்தத் தகரம் என்பதை அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தது. தன் கடையில் ஒரு செட்டை என்ன விலைக்கு விற்பார் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். அவள் விற்றதைப் போல இரண்டு மடங்கு. டல்லாஸ் அத்தையும் இனி அவரிடம்தான் வாங்குவார்.

“என்ன அங்கிள் எழுதறது?” என்றாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பத்தியைப் படித்தேன். விதிகள் இப்போது கடுமையாக இருப்பதால் செட்டுக்கு நாலு டாலர் குறைத்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். ஆச்சி இல்லாமல் செட்டியாரை மட்டும் அனுப்பினால் இன்னும் எவ்வளவு குறையும் என்றும்.